துடைத்த விரல்கள்

இப்போதெல்லாம் கண்ணெதிரே நிற்கிற மனிதனை எவன் நம்புகிறான்? காகிதம் எங்கே என்கிறான். காகிதத்தை நீட்டினால் முத்திரை எங்கே என்கிறான். காடாம்புலியூரிலிருந்து மூன்றாவது முறையாக பஸ் ஏறி நெய்வேலிக்கு வந்த தைரியநாதனுக்கு, டவுன்ஷிப் ரோட்டு மரநிழல்கூட எரிச்சலைத்தான் தந்தது.

ரோட்டுக் கோடியில் பல்கலைக்கழகத்தின் கலை நிறுவனம். அங்கே இருந்த ஓவியக் காட்சியகத்தில் அவர் மகள் வினோலியா இருந்தாள். இருபது வருஷத்துக்கு முன், முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தவளை ஒரு மாணவன் உட்கார்ந்து வரைந்தான். மறுவருஷமே மஞ்சள் காமாலை அவளைக் கொண்டுபோனது. வீட்டிலிருந்த அவளுடைய ஒரே போட்டோவை 'தானே' புயல் கொண்டுபோனது. இப்போது படுத்த படுக்கையாகிவிட்ட மனைவி ஆரோக்கியம்மாளுக்குக் கஞ்சிகூட இறங்கவில்லை. "எம்மவ மொகத்த ஒருவாட்டி காட்டிடுய்யா" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை.

முன்பு இரண்டு தடவையும், படம் பழுதுபார்க்கப் போயிருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். நகல் வேண்டுமானால் தகப்பன்தான் என்பதற்கு அத்தாட்சி வேண்டுமாம்.

"அத்தாட்சி படத்துலயே இருக்குதும்மா" என்றார் பொறுப்பாளர் சண்முகப்பிரியாவிடம். "கொட்ட எண்ணெ பட்டு வலது கை வெரலு அஞ்சும் கறுத்திருக்கும். கட்டவெரல்ல பாதி நகந்தான். வா, காட்டறேன்."

பழுதுபார்த்த படம் மறுபடி சுவரில் மாட்டியிருந்தது. கீழே, 'பெயர் அறியாப் பெண்.' முகம் அவளேதான். சிரிப்பை அடக்கிக்கொண்டு கோணிய வாய். கையைப் பார்த்தார். ஐந்து விரலும் வெள்ளரிப் பிஞ்சுபோல் இருந்தன. நகம் முழுசாக இருந்தது.

"கைய என்னம்மா பண்ணீங்க?"

"அழுக்குன்னு நெனச்சு கிளீன் பண்ணிட்டாங்க போலங்கய்யா. நகத்தையும்..." அவள் குரல் இறங்கியது.

"அழுக்கா? சோப்பு போட்டுத் தேச்சுத் தேச்சு, பொட்டியில வெக்கிறப்பகூடப் போவாத கறுப்பும்மா அது! செத்தவளத் தேச்சிட்டீங்களே!"

சண்முகப்பிரியா கதவைப் பார்த்தாள். விதியை மீறிப் போனில் படமெடுத்து, ஆபீசுக்குப் போய் அச்சடித்துக் கொண்டுவந்தாள்.

"கிளீன் பண்றதுக்கு முன்னாடி எடுத்த போட்டோ ஃபைல்ல இருக்கும். தேடி வெக்கறேன். திங்கக்கெழம வாங்கய்யா. பேரையும் மாத்தி எழுதச் சொல்றேன்."

"இன்னிக்கி செவ்வா. அதுவரைக்கும் எம்பொண்டாட்டி மூச்சப் புடிச்சிகினு கெடக்கணுமா?"

அவள் அச்சடித்த காகிதத்தை நீட்டினாள். தைரியநாதன் வாங்கினார். இந்தக் கையைப் பார்த்தால் ஆரோக்கியம்மாள், 'யாரு வூட்டுப் பொண்ணுய்யா இது?' என்றுதான் கேட்பாள். அந்தக் கையின்மேல் தன் கட்டைவிரலை வைத்து மறைத்துப் பிடித்துப் பார்த்தார். மறைந்தது. விரலை எடுத்ததும் மறுபடி தெரிந்தது.

"திங்கக்கெழமங்கய்யா, மறந்துடாதீங்க!" என்றாள் பின்னாலிருந்து.

"ஆமா, வெச்சிருப்பீங்க" என்றார். திரும்பிப் பார்க்காமல் பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தார்.