நிற்கிற வண்டியை நிறுத்தியவள்

போன முறை பஸ் ஓட்டும் தேர்வில் நான் தோற்றது ஓட்டத் தெரியாமல் அல்ல, நிற்கத் தெரியாமல். பணிமனைச் சரிவில் வண்டியை நிறுத்தியிருந்தேன். பக்கத்து வண்டி மெல்லப் பின்னால் போனது. எனக்கோ என் வண்டிதான் முன்னால் உருளுகிற மாதிரி அடிவயிறு கலங்கியது. "ஐயோ, பிரேக் பிடிக்கல!" என்று அலறி, ஏற்கெனவே மிதித்திருந்த பிரேக்கின் மேல் ஏறியே நின்றுவிட்டேன். பணிமனையே சிரித்தது.

செய்தி எனக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட்டது. "வாம்மா, நிக்கிற வண்டியை நிறுத்தின மகராசி!" என்றாள் நாத்தனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்னொரு முறை தோற்றால் காலம் முழுக்கக் கண்டக்டராகவே டிக்கெட் கிழிக்க வேண்டியதுதான். விடுவேனா நான்?

சாப்பாட்டு வேளையிலெல்லாம் நிற்கிற வண்டி ஒன்றில் ஏறி உட்கார்ந்தேன். பக்கத்து வண்டி நகரும்போதெல்லாம் வயிறு பொய் சொன்னது. கூரையைத் தாங்கும் தூணைப் பார்த்தால் அது இருந்த இடத்திலேயே இருந்தது. அப்போதுதான் உறைத்தது. தானே ஆடுகிறவனிடம் போய் "நான் ஆடுறேனா?" என்று கேட்டால் என்ன பதில் வரும்?

இன்று மறுபடியும் அதே சரிவு. கை பிரேக்கைப் போட்டுக் காலை எடுக்கச் சொன்னார் தேர்வாளர். பிறகு ஜன்னல் வழியே பக்கத்து வண்டி ஓட்டுநரோடு கதையளக்க ஆரம்பித்தார். ஜன்னலுக்கு நேரே ஜன்னல்; ஒரு விரற்கடைகூட விலகவில்லை. வயிறும் "நிம்மதியா இரு" என்றது. உன்னை யார் கேட்டது என்று தூணைப் பார்த்தேன்.

தூண் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

ஓங்கி மிதித்தேன். தேர்வாளரின் நெற்றி கம்பியில் இடித்தது.

"மறுபடியுமா? நிக்கிற வண்டிக்கு எதுக்கும்மா பிரேக்கு?"

"அந்த வண்டியைப் பாக்காதீங்க சார். தூணைப் பாருங்க."

முன்கதவருகே இருந்த தூண் இப்போது பின்சக்கரத்தருகே நின்றது. பக்கத்து வண்டி கிளம்பி ஊர்ந்த அதே வேகத்தில், கை பிரேக் வழுக்கி நாங்களும் கூடவே இறங்கியிருந்தோம். எதிர்ச் சுவர் ஒரு முழத்தில் இருந்தது. அவர் நெற்றியைத் தடவியபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் என் தேர்ச்சித் தாளில் கையெழுத்துப் போட்டார்.

வாசலிலேயே நாத்தனார் பிடித்துக்கொண்டாள். "என்ன, இன்னைக்கும் நிக்கிற வண்டியைத்தான் நிறுத்தினியா?"

"இல்ல அண்ணி. நாளையிலேருந்து ஓடுற வண்டியை நிறுத்துவேன். நீங்க கைகாட்டினா மட்டும் கொஞ்சம் யோசிப்பேன்."