கல்பபூரில் கரை உடைந்தது

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் நான் கண்ணால் பார்த்தது ஒரு வரைபடத்தை மட்டும். மீதி எல்லாம் என் கைச்சரக்கு.

குவாஹாத்தியில் இருபது வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன். டி.வி. செய்தியாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் ஒரு நிலையத்துக்கு ஒருநாள் வேறு வேலையாகப் போயிருந்தேன். சுவரில் ஒரு மாவட்டத்தின் வரைபடம் தொங்கியது. ஆறு, ரயில் பாதை, சந்தை, மருத்துவமனை எல்லாம் இருந்தன. பெயர் கல்பபூர். அப்படி ஒரு மாவட்டம் அசாமில் இல்லை, எங்கேயும் இல்லை. பயிற்சிக்கு வருகிறவர்கள் நிஜ ஊரின் பெயரைச் சொல்லி விபத்தையும் கலவரத்தையும் பேசிப் பழகக் கூடாதாம். அதற்காகவே கட்டிய ஊர். ஒவ்வொரு வகுப்பு வரும்போதும் அங்கே ஒரு ரயில் கவிழும், ஒரு சந்தை எரியும்.

"எங்க ஊர்ல இதுவரைக்கும் எத்தனை பேரைக் கொன்னிருக்கோம்னு எங்களுக்கே தெரியாது" என்று அங்கிருந்த ஒருவர் சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வரும் வழியில் பயம் பிடித்துக்கொண்டது. எதற்கு என்று தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ளத்தான் எழுத உட்கார்ந்தேன்.

2

தொடக்கங்கள்.

"பிரம்மபுத்திரா அன்று செம்மண் நிறத்தில்" (வேண்டாம். அசாம் கதை என்றாலே ஆற்றில்தான் தொடங்க வேண்டுமா?)

"பொய் சொல்லத் தெரியாதவள் ருணுமி என்று" (இதுவும் வேண்டாம். இப்படிச் சொன்னால் அவள் பொய் சொல்லப்போகிறாள் என்று உங்களுக்கு இப்போதே தெரிந்துவிடும். மேலும், அவள் பொய்யே சொல்லவில்லை.)

"கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்ததும் ருணுமி பெகுவுக்கு வாய் அடைத்துப்போனது."

இது இருக்கட்டும்.

3

கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்ததும் ருணுமி பெகுவுக்கு வாய் அடைத்துப்போனது.

பயிற்சிக்கு 'இழுவை' என்று பெயர். கையில் ஒரே ஒரு வரிச் செய்தியைக் கொடுப்பார்கள். நிலையத்திலிருந்து அடுத்த தகவல் வரும்வரை அதையே வைத்துக்கொண்டு நேரலையில் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். ஆசிரியர் திரிதிப் ஹஜாரிகா கேமராவுக்குப் பின்னால் நின்று, ரப்பரை இழுப்பதுபோல் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டுவார். கை விரிந்திருக்கும்வரை நிறுத்தக் கூடாது.

அவளுக்கு வந்த வரி: கல்பபூரில் ஆற்றங்கரை அணை உடைந்தது.

"கல்பபூர் மாவட்டத்தில் ஆற்றங்கரை அணை உடைந்தது" என்றாள். பிறகு மறுபடியும் அதையே சொன்னாள். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை.

"நிறுத்து, நிறுத்து." திரிதிப் வாயிலிருந்த தாமுல் பாக்கை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கினார். "ஏம்மா, பூஜை மந்திரமா சொல்ற? கரை உடைஞ்சிருக்கு. ஜனங்க எங்க ஓடுறாங்க? எந்த மரம் சாஞ்சிருக்கு?"

"அங்க என்ன மரம் இருக்குன்னு எனக்குத் தெரியாதே, திரிதிப்-தா." அசாமில் 'தா' என்றால் அண்ணா.

பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். ஹிரோக் நாத் மட்டும், "பாய்தேவ் சொல்றது சரிதானே? அந்த ஊர்ல ஒரு மரம்கூட வரையல" என்றான். அவளை அக்கா என்று கூப்பிடுகிற ஒரே ஆள் அவன்.

"மரத்தைப் படத்துல தேடாத" என்றார் திரிதிப். "உன் தலைக்குள்ள ஒரு கரை இருக்கும். அதுல போய் நில்லு. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோ. ஜனங்க காதுல விழறது முதல் வாக்கியம்தான். அதுக்கப்புறம் நீ கீதையே சொன்னாலும் அவங்க ஓடிட்டு இருப்பாங்க."

4

அவளுடைய தலைக்குள் ஒரு கரை இருந்தது. அது வேறு எங்கே போகும்?

பெலெங்முக்கில் பிறந்தவள். முன்னால் ஆறு, பின்னால் பீல். பீல் என்றால் மழைக்காலத்தில் ஏரிபோலப் பரந்துவிடும் தேங்குநீர். அதைப் படகில் தாண்டினால்தான் பெரிய ரோடு. ஆற்றுக்கும் ஊருக்கும் நடுவே மண் கரை. அந்தக் கரையில் ஓர் இலவமரம். மரத்தடியில் மண் இளகும் என்று ஊரே சொல்லும். ஆனி பிறந்தால் அவள் அம்மா முற்றத்தில் ஒரு மூங்கில் குச்சியை நட்டுவைப்பாள். தண்ணீர் வருகிறதா என்று குச்சியைப் பார்ப்பதுதான் காலையில் கண் விழித்ததும் முதல் வேலை. 

விளக்கு மறுபடி எரிந்தது. "கல்பபூர் மாவட்டத்தில் ஆற்றங்கரை அணை உடைந்திருக்கிறது" என்று தொடங்கினாள். இந்த முறை நிற்கவில்லை.

"நான் நிற்பது இலவமரத்தடி. மரத்துக்குக் கிழக்கே கரை இருந்த இடத்தில் இப்போது தண்ணீர்தான் இருக்கிறது. வீடுகளின் மூங்கில் கால்களுக்கு நடுவே பன்றிகள் நீந்துகின்றன. முற்றத்தில் நட்ட குச்சி மூழ்கிவிட்டது. ஜனங்கள் பின்பக்கத் துறைக்கு, படகுக்கு ஓடிக்கொண்டிருக்கிறார்கள்..."

திரிதிப் கையை விரித்தவர் மடக்கவே இல்லை. திரையின் அடியில் பயிற்சிக்காகப் போட்டிருந்த சிவப்புப் பட்டையில் 'கரை உடைந்தது' என்று ஓடிக்கொண்டிருந்தது. அவள் முடித்தபோது யாரும் சிரிக்கவில்லை. ஒருத்தி புறங்கையால் கண்ணைத் துடைத்தாள்.

"இதான்" என்றார் திரிதிப். "போ, சா குடி."

(இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு நானும் ஒரு டீ குடித்தேன். அவள் விதியை மீறவில்லை என்பதைக் கவனியுங்கள். ஊர்ப் பெயரைச் சொல்லவே இல்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். செய்துகொண்டும் இருக்கிறேன்.)

5

ஹிரோக் பற்றி எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

முதல் வரைவில் அவனை வில்லனாக்கியிருந்தேன். அவள்மேல் பொறாமைப்பட்டு அந்தக் காட்சியை வேண்டுமென்றே வெளியே விட்டான் என்று எழுதினேன். எழுதி முடித்துப் படித்தால் என் பயம் போய்விட்டது. கெட்டவன் ஒருவன் கிடைத்துவிட்டால் அவனைத் திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். அதனால் அடித்துவிட்டேன்.

இப்போது அவன் நல்லவன். அவள் பேச்சைக் கேட்டு மயிர்க்கூச்செறிந்து, திரையிலிருந்தே போனில் படம் பிடித்தான். அசந்துபோய் நின்றுவிட்டதால் பிடிக்கத் தொடங்கியபோது முதல் வாக்கியம் போய்விட்டிருந்தது. "நான் நிற்பது இலவமரத்தடி" என்பதிலிருந்துதான் பதிவானது. 'எங்க பாய்தேவைப் பாருங்கடா' என்று நண்பர்களுக்கு அனுப்பினான். நல்ல மனசு. அந்த நண்பர்களில் ஒருவன் அதே ஆற்றங்கரைக்காரன். அவன் வழியாக அது பெலெங்முக் போன்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

கல்பபூர் என்ற ஒரே சொல்தான் அந்தக் கற்பனை ஊரையும் பெலெங்முக்கையும் பிரித்துவைத்த கரை. அது உடைந்துவிட்டது.

6

மதியச் சோற்றுக்கு உட்கார்ந்தபோது அவளுக்கு போன் வந்தது. ஊரின் காவ்ம்புரா. அதாவது ஊர்ப் பெரியதனக்காரர். தாத்தா முறையில் 'கோகா' என்றுதான் அவரைக் கூப்பிடுவாள். மழை இரைச்சலுக்கு நடுவே கத்தினார்.

"ருணு, நீ எங்கடி இருக்க?"

"குவாஹாத்தியிலதான், கோகா. ஏன்?"

"குவாஹாத்தியிலயா? அப்புறம் இலவமரத்தடியில நிக்கிறேன்னு டி.வி.யில சொல்ற? அங்க நிக்கிறது நான்டி! ஊரே துறைக்கு ஓடிருச்சு. மாடு, கோழி, குழந்தை எல்லாத்தையும் படகுல ஏத்துறாங்க. படகு விளிம்பு தண்ணியைத் தொடப் போகுது."

அவள் கையில் பிசைந்த சோறு அப்படியே நின்றது. "கரை உடையலன்னு சொல்லுங்களேன்!"

"சொல்லாம இருப்பனா? தொண்டை கிழியச் சொல்லிட்டேன். 'உனக்கு என்ன தெரியும், ருணுவே டி.வி.யில சொல்லிட்டா'ங்கறானுங்க. நீ எப்ப டி.வி.யில வருவ, எப்ப வருவன்னு பார்த்துட்டே இருந்த ஜனம்டி இது."

"மா எங்க?"

  "முதல் படகுல. குச்சி மூழ்கிருச்சுன்னு நீ சொன்னியாம். அது வீட்டு விஷயம், என் பொண்ணு பொய் சொல்ல மாட்டான்னு குச்சியைத் திரும்பிக்கூடப் பாக்காம முதல்ல போய் ஏறினவளே அவதான். நிறைஞ்சதும் தள்ளிருவாங்க. பீல்ல காத்து எப்படி அடிக்குது தெரியுமா?"

அவள் அம்மாவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. திரிதிப் மாவட்ட அலுவலகத்தைக் கூப்பிட்டார். "பார்த்துச் சொல்றோம்" என்றார்கள்.

காவ்ம்புராதான் வழி சொன்னார். "நீயே மறுபடி அதே இடத்துல நின்னு, அதே சிவப்புப் பட்டையைப் போட்டுச் சொல்லு. நான் எல்லாருக்கும் காட்டுறேன். இங்க சிக்னல் லட்சணம் உனக்குத்தான் தெரியுமே. ஒரு வார்த்தை பேசும், அப்புறம் சுத்திக்கிட்டே கிடக்கும். அதனால முதல்லயே சொல்லிரு."

போனை வைக்கப்போனவரை ருணுமி நிறுத்தினாள். கேட்டிருக்க வேண்டாம். ஆனால் கேட்டாள்.

"கோகா, கரை நல்லாத்தானே இருக்கு?"

"இருக்கு" என்றார். பிறகு, "மரத்தடியில கொஞ்சம் கசியுது. வருஷா வருஷம் கசியறதுதான். இந்த வருஷம் தண்ணி கலங்கலா வருது. என்னத்தச் சொல்ல" என்றார்.

கரைக்குள்ளிருந்து தெளிந்த நீர் கசிந்தால் பயமில்லை. கலங்கல் வந்தால் உள்ளே மண் கரைகிறது. ஆற்றங்கரையில் பிறந்த குழந்தைக்குக்கூட அது தெரியும்.

7

இதுவரை எழுதியதை என் மனைவி போர்ணாலி படித்தாள். அவளும் ஆற்றங்கரைக்காரிதான்.

"மழைக்காலத்துல இதை எழுதாதே" என்றாள்.

"கதைதானே?"

"அந்தப் பொண்ணும் கதைதானே சொன்னா? நீ மூணாவது மாடியில உக்காந்து பேனாவால வெள்ளம் விடு. உன் கால் நனையுமா? பேசாம அவளைக் கார்த்திகைக்குத் தள்ளிப் போடு. தண்ணி வடிஞ்சிருக்கும்."

"கார்த்திகையில யாரு கரை உடைஞ்சதுன்னா ஓடுவாங்க?"

"அப்போ எல்லாரையும் இறக்கி வீட்டுக்கு அனுப்பிட்டு எந்திரி. அந்தம்மாவை அங்கயே உக்கார வச்சுட்டு உனக்குச் சோறு வேற இறங்குது."

இறங்கவில்லை என்பதை அவளிடம் சொல்லவில்லை.

8

ஆகவே முடிவுகள்.

முதல் முடிவு. "கரை உடையவில்லை, வீட்டுக்குப் போங்கள்" என்கிறாள். ஜனங்கள் இறங்குகிறார்கள். மழை விடுகிறது. அம்மா போனில், "நல்லா இருந்துச்சுடி, ஆனா மெலிஞ்சிட்ட" என்கிறாள். இதை எழுதும்போது எனக்கே இனித்தது. போர்ணாலி, "சினிமா" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். ஆனால் அந்தக் கலங்கல் தண்ணீரை என்ன செய்வது? அதை அழித்துவிட்டால் முடிவு சரியாகிவிடும். அழிக்கப் பார்த்தேன், முடியவில்லை. எழுதியதை நான் நம்பிவிட்டேன்.

இரண்டாவது முடிவு. அவர்கள் வீடு திரும்புகிறார்கள். அடுப்பு மூட்டுகிறார்கள். இலவமரத்தடியில் (நிறுத்திவிட்டேன். இதற்குமேல் கை ஓடவில்லை.)

மூன்றாவது. "படகில் ஏறாதீர்கள்" என்கிறாள். அது மட்டும் அங்கே கேட்கிறது. அப்படியானால் கரை உடைந்தது நிஜம்தான், படகும் இல்லை என்று நினைத்து, துறையில் மிச்சம் நின்றவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் படகின்மேல் (இதையும் நிறுத்திவிட்டேன்.)

நான்காவது. அவள் ஒன்றுமே சொல்வதில்லை. படகு நிறைகிறது.

முன்னே போனால் கடிக்கிறது, பின்னே வந்தால் உதைக்கிறது. ஊருக்கு முன்னாலும் தண்ணீர், பின்னாலும் தண்ணீர். எல்லாவற்றையும் விளக்கமாகச் சொல்லலாமே, கரை உடையவில்லை, ஆனாலும் கசிகிறது, பதறாமல் கொஞ்சம் கொஞ்சம் பேராகத் தாண்டுங்கள் என்று? சொல்லலாம்தான். அது நாலு வாக்கியம். அங்கே போய்ச் சேரப்போவது ஒன்று.

9

அதே ஸ்டூடியோ. அதே சிவப்புப் பட்டை, இப்போது எழுத்து இல்லாமல். என்ன போட வேண்டும் என்று அவளைத்தான் கேட்டார்கள்.

ஹிரோக் மூலையில் நின்று அழுதுகொண்டிருந்தான். "நான் போனையே உடைச்சுப் போடுறேன், பாய்தேவ்" என்றான்.

"உடைக்காதே. இதை அனுப்ப அதுதான் வேணும்" என்றாள் ருணுமி. அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. திரிதிப்பைப் பார்த்தாள். "திரிதிப்-தா, முதல் வாக்கியம் என்ன? நீங்களே சொல்லுங்க."

இத்தனை வருஷமாகக் கல்பபூரில் ரயிலைக் கவிழ்த்தவர், சந்தையை எரித்தவர். தாமுல் பாக்கை வாயிலிருந்து எடுத்துவிட்டிருந்தார். 

"எனக்குத் தெரியலம்மா" என்றார். "எனக்குப் பயமா இருக்கு."

கேமராவுக்குப் பின்னால் போய் நின்றார். பழக்கத்தில் கைகள் தாமாகவே விரிந்தன. இழு என்று. பிறகு அதை உணர்ந்து கையை இறக்கிக்கொண்டார்.

ருணுமியின் கண்ணுக்குள் கல்பபூர் இல்லை, இலவமரமும் இல்லை. படகின் முன்பலகையில் மடியில் கோழியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒருத்திதான் இருந்தாள். தன் பெண் எது சொன்னாலும் அதை அப்படியே செய்கிறவள்.

சிவப்பு விளக்கு எரிந்தது.

"

மேற்கோள் குறியைத் திறந்து வைத்திருக்கிறேன். எத்தனையோ வாக்கியம் எழுதிப் பார்த்து எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். பயந்துதான் அடித்தேன், ஒளிக்க ஒன்றுமில்லை. வெளியே இப்போதும் மழை பெய்கிறது. போர்ணாலி சன்னலைச் சாத்தாமல் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இனி நீங்கள் சொல்லுங்கள். மனசுக்குள் சொல்லாதீர்கள், வாயைத் திறந்து சொல்லுங்கள். ஒரே வாக்கியம். நீங்கள் சொன்னதை அவள் அம்மா நம்புவாள்.