தெரியும் என்று சொன்னவள்

1

இது கதையாக வந்திருக்க வேண்டியதே இல்லை. எங்கள் ஞாயிற்றுக்கிழமை வட்டத்தின் நோக்கமும் பார்வையும் பற்றி ஒரு பத்திரிகையில் கட்டுரை கேட்டிருந்தார்கள். 'எங்களுக்குக் குரு கிடையாது, புனித நூல் கிடையாது. கடவுளை நம்புகிறவரும் நம்பாதவரும் வட்டமாக நாற்காலி போட்டு உட்காருவோம்' என்று ஜோராகத்தான் ஆரம்பித்தேன். 'எங்களிடம் விதி என்று இருப்பது ஒன்றே ஒன்று: தெரியாததைத் தெரியும் என்று சொல்லக் கூடாது' என்ற இடத்தில் கை நின்றுவிட்டது. அந்த ஒரே விதியையும் எங்களில் ஒருத்தியான மருந்துக்கடை அக்கா உடைத்தாளே, அதை எந்தப் பத்தியில் வைப்பது?

2

மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில், மருந்துக்கடை அக்கா

(மழையெல்லாம் இல்லை. சோகம் வரப்போகிறதென்றால் எனக்கு முன்கூட்டியே மழை வந்துவிடும். விடுங்கள்.)

நல்ல வெயில். தையல் வகுப்பு நடக்கிற மாடி அறையை ஞாயிறுகளில் எங்களுக்குத் தருவார்கள். மெஷின்களைச் சுவரோரம் தள்ளிவிட்டு, தரையில் கிடக்கும் நூல் பிசிறுகளுக்கு நடுவே நாற்காலிகளைப் போடுவோம். அன்று அக்கா ஒருவரைக் கூட்டிவந்திருந்தாள். லிப்ட் மெக்கானிக். மனைவிக்கு அவள் கடையில்தான் மாத்திரை வாங்குவார். மனைவி போய்ச் சேர்ந்தபிறகும் பழக்கதோஷத்தில் கடைவாசலில் வந்து நிற்பாராம்.

"வந்து சும்மா உக்காருங்கண்ணே, யாரும் உங்களை ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்று சொல்லித்தான் அழைத்துவந்தாள். யாரும் கேட்கவில்லை. அவர்தான் கேட்டார்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். என் வீட்டுக்காரி இப்ப எங்க இருக்கா?"

கல்லூரி வாத்தியார் தொண்டையைச் செருமிக்கொண்டார். இந்த வட்டத்தை ஆரம்பித்தவர் அவர். விதியும் அவருடையதுதான். "எனக்குத் தெரியலைங்க. இங்க யாருக்கும் தெரியாது. சேர்ந்து தேடிப் பாக்கலாம்."

"லிப்டுல மாட்டிக்கிட்டவன்கிட்ட சேர்ந்து தேடலாம்னா சார் சொல்லுவேன்? கதவைத் திறந்துவிடுவேன்."

(இந்த வசனம் என் கைவேலை. அவர் உண்மையில் சொன்னது, "இதுக்கா வந்தேன்?" அவ்வளவுதான். அதுவே போதுமோ?)

அவர் எழுந்தார். அப்போதுதான் அக்கா அவர் கையைப் பிடித்தாள். "நல்லா இருக்காங்கண்ணே. வலியில்லாம இருக்காங்க. எனக்குத் தெரியும்."

மெக்கானிக் உட்கார்ந்துவிட்டார். முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அழுது முடித்தபோது ஆள் லேசாகியிருந்தார்.

3

அக்கா இப்படிப்பட்டவளே இல்லை.* இரக்கத்தில் சொன்னாள் என்று எழுதினேன், அடித்தேன். பயத்தில் சொன்னாள் என்று எழுதினேன், அதுவும் ஒட்டவில்லை. அவளையே கேட்டேன்.

"தெரியலையே. வாய்ல வந்துடுச்சு. சொல்றப்ப பொய்யாத் தோணலை. படியிறங்கறப்பதான் தோணிச்சு."

* 'இது சாப்பிட்டா சரியாயிடுமா?' என்று கேட்டால்கூட, 'டாக்டர் சொன்னபடி சாப்பிடுங்க' என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை பேசாதவள்.

4

அந்தப் படியில்தான் கதை இருக்கிறது. இதுவரை சொன்னதெல்லாம் அங்கே வந்து சேரத்தான்.

கூட்டம் முடிந்து அக்கா இறங்கிக்கொண்டிருந்தாள். பின்னாலேயே வந்த வாத்தியார் பாதிப் படியில் நிறுத்தினார். கைப்பிடிக் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"அவர்கிட்ட சொன்னியேம்மா, அது நெஜமா?"

அக்கா திரும்பிப் பார்த்தாள்.

"நெஜம்னா, என் பையனும் வலியில்லாம இருப்பானா? இத்தனை வருஷமா உன் பக்கத்து நாற்காலியிலதானே உக்காந்திருக்கேன். என்கிட்ட மட்டும் ஏம்மா சொல்லலை?"

அவருக்கு ஒரு மகன் இருந்தான், இறந்துவிட்டான் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரியும் என்பதோடு சரி.

படியின் அடியில் மெக்கானிக் நின்றிருந்தார். அக்காவை வண்டியில் கொண்டுபோய் விடுவதாகச் சொல்லியிருந்தார். ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அவரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

5

முடிவு அ: "தெரியும் சார்" என்கிறாள். வாத்தியார் தன் விதியைத் தானே தூக்கிப்போட்டுவிட்டு

முடிவு ஆ: "தெரியாது சார்" என்கிறாள். கீழே நிற்பவர் முகம்

இரண்டையும் முடிக்க முடியவில்லை. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அக்கா அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டாள். வாத்தியாரும் உட்கார்ந்தார். மெக்கானிக் மேலே ஏறிவந்தார். என்னமோ கோபமாகக் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் அக்காவைப் பார்க்கவேயில்லை.

"சார், பையன் பேரு என்ன?"

எங்கள் வட்டத்தில் யாரும் கேட்டிராத கேள்வி. யாரையும் துருவக் கூடாது என்று கேட்காமலே இருந்திருக்கிறோம். வாத்தியார் பெயரைச் சொன்னார். பிறகு அவன் எப்படிச் சிரிப்பான், எதற்கெல்லாம் அடம்பிடிப்பான் என்று சொல்ல ஆரம்பித்தார். மெக்கானிக் ஒரு படி கீழே உட்கார்ந்து கேட்டார். நடுநடுவே தன் மனைவியைப் பற்றியும் சொன்னார்.

அக்கா இருவருக்கும் நடுவில் இருந்தாள். வாத்தியார் அவளிடம் கேட்ட 'அது நெஜமா?' இன்னும் அப்படியே இருந்தது. பேச்சு எப்போது ஓய்ந்தாலும் அவர்கள் அவள் பக்கம் திரும்புவார்கள், அது அவளுக்கும் தெரியும். நான் மேலே நின்றபடி, வாத்தியார் இன்னும் கொஞ்சம் பேசமாட்டாரா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதோ, பேச்சு ஓய்கிறது. அவள் இடத்தில் நீங்கள்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். சொல்லுங்கள்.