நெல்லி நின்ற இடம்

என் நாய்க்கு மூக்குப் பழுது என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாகவும் இருந்தது.

நெல்லி சின்ன முன்ஸ்டர்லெண்டர் சாதி. வெள்ளையும் மண்ணிறமும் கலந்த நீண்ட மயிர். நெற்றியில் அவசரமாகத் திருநீறு பூசினதுபோல ஒரு வெள்ளைக் கீற்று. இந்தச் சாதி நாய்களின் வேலை, புல்லுக்குள் பதுங்கியிருக்கும் பறவையை மணத்தால் கண்டுபிடிப்பது. கண்டுபிடித்ததும் குரைக்கக் கூடாது, பாயக் கூடாது. ஒரு முன்காலைத் தூக்கி, மூக்கை நீட்டி, வாலை விறைத்துக்கொண்டு அப்படியே நிற்க வேண்டும். 'இங்கே இருக்கிறது' என்று அதற்கு அர்த்தம். பிறகு வேட்டைக்காரன் போய்ப் பறவையைக் கிளப்புவான். ஒன்றுமில்லாத இடத்தில் நிற்கும் நாயை இங்கே எவரும் மதிப்பதில்லை.

போன செப்டெம்பரில், அவளுக்கு ஒரு வயது ஆனபோது, முதல்முறையாக ஊருக்கு வெளியே சோளம் வெட்டிய வயல் பக்கம் கூட்டிப்போனேன். இரண்டு வயல்களுக்கு நடுவே ஒரு முட்பற்றை வேலி ஓடுகிறது. அதன் நடுவில் உழவு இயந்திரம் நுழைவதற்கு ஒரு இடைவெளி. நெல்லி அந்த இடைவெளிக்கு முன்னால் நின்றாள். கால் தூக்கி, மூக்கு நீட்டி, வால் விறைத்து. நான் போய்ப் புல்லைக் காலால் தட்டிப் பார்த்தேன். பறவை இல்லை, ஒரு எலிகூட இல்லை. கயிற்றை இழுத்தேன். அவள் உடம்பெல்லாம் நடுங்கியதே தவிர நகரவில்லை. கடைசியில் முழு வளர்ந்த நாயைக் கைக்குழந்தைபோலத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அந்த இடத்தில்தான் அவளுடைய தாய் கோரா செத்தாள். சுட்டவன் நான். அது அப்போது எனக்கு மட்டும்தான் தெரியும்.

என் பெயர் சிறீதரன், வயது ஐம்பத்தாறு. துவக்குக்குப் பயந்து பத்தொன்பது வயதில் யாழ்ப்பாணத்தை விட்டு ஓடி வந்தவன். ஜெர்மனியில் ஹம் நகரத்துக்கு வெளியே ஒரு குழாய்த் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடமாக வேலை. ஐம்பது வயதில் எனக்கு ஒரு கிறுக்குப் பிடித்தது. ஒன்பது மாதம் படித்து, சோதனை எழுதி, வேட்டை அனுமதிப் பத்திரம் எடுத்து, கடையில் போய்த் துவக்கு வாங்கினேன். "அங்கயே நிண்டிருந்தா உங்களுக்குச் சும்மா தந்திருப்பாங்களே" என்றாள் என் மனைவி ரஞ்சினி. அந்தப் பகிடியை எல்லாக் கலியாண வீட்டிலும் சொல்லி என் மானத்தை வாங்கினாள்.

கிறுக்கைப் பிடிக்க வைத்தவர் வில்ஃப்ரீட். தொழிற்சாலையில் எனக்கு மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபத்தொன்பது வயது, மனைவி இல்லை, தனிக் கட்டை. ஜெர்மன் மொழியில் நாங்கள் ஒருவரை ஒருவர் 'டூ', அதாவது 'நீ', என்றுதான் அழைப்போம். தமிழில் எழுதும்போது அவருக்கு 'நீ' போட எனக்குக் கை வரவில்லை. கோரா அவருடைய நாய், அவளுக்கும் நெற்றியில் அதே வெள்ளைக் கீற்று. அவர் சாப்பிடும்போது கோராவும் சாப்பிடுவாள், அவர் இருமினால் கோரா எழுந்து உட்காருவாள், அப்படி ஒரு சீவியம்.

கோரா செத்தது அந்தச் செப்டெம்பருக்கு முந்தின நவம்பரில், ஒரு சனிக்கிழமை. ஃபசான் வேட்டை. ஃபசான் என்பது நம் காட்டுச் சேவலைப் போன்ற பறவை, ஆனால் வால் ஒரு முழத்துக்கு நீளும். பதினொரு துவக்கு வந்திருந்தது. நான் வழக்கம்போல எல்லாவற்றையும் கொண்டுவந்து தோட்டாப் பெட்டியை வீட்டில் மறந்துவிட்டேன். வில்ஃப்ரீட் தலையில் அடித்துக்கொண்டு தன் பெட்டியில் பாதியை என் சட்டைப்பைக்குள் கொட்டினார். வேட்டைத் தலைவர் எல்லாரையும் வட்டமாக நிறுத்திச் சட்டம் வாசித்தார். அதில் முதல் சட்டம், பறவைக்குக் கீழே வானம் தெரிந்தால் மட்டும் சுட வேண்டும். நாய் ஓடுவது தரையில், மனிதர் நிற்பதும் தரையில்.

வேலிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் வில்ஃப்ரீட். கடுகுச் செடிக்குள்ளிருந்து ஒரு சேவல் தகரமூடி விழுந்தாற்போலச் சத்தம் போட்டுக்கொண்டு கிளம்பி, மேலே ஏறாமல், இடைவெளியை நோக்கித் தாழப் பறந்தது. இரண்டு பேரும் சுட்டோம். கேட்டவர்களுக்கு ஒரே வெடிதான் கேட்டது. அவருடைய துவக்கு வானத்தைப் பார்த்திருந்தது, அதை நான் கண்ணால் கண்டேன். என் துவக்கின் நுனியில், சேவலுக்குக் கீழே, வானம் இருக்கவில்லை. அந்த வெள்ளைக் கீற்று இருந்தது. நான் அதைப் பார்த்ததும் விரல் போனதும் ஒரே நேரம்.

வில்ஃப்ரீட் சேற்றில் முழங்கால் போட்டுக் கோராவின் தலையை மடியில் எடுத்தார். எனக்குச் சொல்ல வாய் திறந்தது. அதற்குள் அவர், "நான்தான், நான்தான்" என்று அழத் தொடங்கிவிட்டார். அதற்கு முந்தின வருடம்தான் அவருக்குக் கண்ணில் வெண்படலம் எடுத்திருந்தார்கள். எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். நான் திறந்த வாயை மூடினேன்.

பதினொரு பேரில் ஒரே ஒரு கறுத்த மனிதன் நான். உண்மை தெரிந்தால் 'அந்தக் கறுப்பன் நாயைச் சுட்டுப்போட்டான்' என்று இந்த ஊர் என் பேரப்பிள்ளை காலம் வரைக்கும் சொல்லும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். நல்ல காரணம்தான். ஆனால் அது பொய். நான் பயந்தேன், அவ்வளவுதான். ஓடிப் பழகிய காலுக்கு வழி சொல்லித்தரத் தேவையில்லை.

என் தோட்டாவும் அவர் தந்ததுதான், அதனால் கோராவின் உடம்பில் இருந்த ஈயச் சன்னத்தை யார் பார்த்தாலும் அவருடைய பெட்டிச் சன்னம் என்றுதான் சொல்வார்கள். யாரும் பார்க்கவும் இல்லை. அன்று பின்னேரம் ஒரு பண்ணை முற்றத்தில் ஊசியிலைக் கிளைகளைப் பரப்பி, அதன்மேல் இருபத்துமூன்று சேவல்களை வரிசையாகக் கிடத்தினார்கள். செத்த பறவைகளுக்கு மரியாதையாகத் தொப்பி கழற்றிக் கொம்பு ஊதுவது இங்கே வழக்கம். கொம்பு ஊதி முடிந்ததும் வில்ஃப்ரீட் முன்னால் வந்து, தன் துவக்கை அந்த வரிசையின் கடைசியில் வைத்துவிட்டு நடந்தார். நான் பின்னால் ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்து, "அது ஒரு விபத்துத்தானே" என்று ஆறுதல் சொன்னேன். நாயைச் சுட்டதைவிட அந்த ஆறுதலுக்குத்தான் நான் இன்றுவரை வெட்கப்படுகிறேன்.

ஒரு கிழமை கழித்து அவர் ஒரு கூடையில் கோராவின் குட்டியைக் கொண்டுவந்து என் வாசலில் வைத்தார். "நீயே வளர். இந்தக் கையால இனி ஒரு நாயையும் தொடமாட்டன்" என்றார். அன்றிலிருந்து அவருடைய வலக்கை காற்சட்டைப் பைக்குள்தான். கை குலுக்குவது இடக்கை, சாப்பிடுவதும் இடக்கை. குட்டிக்கு நெல்லி என்ற பெயர் அவர் வைத்ததுதான், இங்கே வழக்கமான நாய்ப் பெயர். தமிழ்ப் பெயர் என்று ரஞ்சினிக்குச் சந்தோசம்.

அந்தக் குட்டிதான் செப்டெம்பரில் வேலி இடைவெளியில் நின்றாள். தாய் செத்த நாளில் அவள் பத்து வாரக் குட்டி, வில்ஃப்ரீட்டின் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவள். அந்த வயலை அவள் கண்டதே இல்லை. பத்து மாத மழையும் பனியும் கழுவிய மண்ணில் என்ன மணம் மிஞ்சும்? மறுநாள் எதிர்ப் பக்கத்தால், காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு கூட்டிப்போனேன். அதே இடத்தில் நின்றாள். வயலை விட்டுவிட்டுப் பெருந்தெருவால் நடந்தேன். தெருவில் நின்று வேலி இருக்கும் திசைக்கு மூக்கை நீட்டினாள். மிருக வைத்தியர் மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்து, இவ்வளவு நல்ல மூக்கை அண்மையில் பார்க்கவில்லை என்றார். எனக்கு நித்திரை கெட்டது. கண்ணை மூடினால் அந்த வெள்ளைக் கீற்று வந்தது. அது தாயா மகளா என்று எனக்குத் தெரியவில்லை.

வாய் திறப்பதைத் தவிர மற்றதெல்லாம் செய்தேன். இங்குள்ள அம்மன் கோயிலில் வில்ஃப்ரீட்டின் பெயருக்கு ஒரு அருச்சனைகூடச் செய்வித்தேன். ஐயர் நட்சத்திரம் கேட்டார். தெரியாது என்றேன். "அப்ப சுவாமி பேருக்கே செய்திடுவம்" என்று அவர் தொடங்கிவிட்டார். அம்மனுக்கு அருச்சனை கிடைத்தது, வில்ஃப்ரீட்டுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

நவம்பர் வந்தது. வேட்டைக்கு ஆறு நாள் இருக்கும்போது, ஒரு ஞாயிறு காலை, ரஞ்சினி பிட்டு அவித்துக்கொண்டிருந்தாள். நான் மேசையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். நெல்லி நடையிலிருந்து குசினிக்குள் வந்தாள். வாசலில் நின்றாள். முன்காலைத் தூக்கினாள். மூக்கை நீட்டி, வாலை விறைத்து, என்னைப் பார்த்து நின்றாள்.

"உங்களுக்குள்ள ஃபசான் ஏதும் ஒளிச்சிருக்கோ?" என்று ரஞ்சினி சிரித்தாள். நான் கதிரையை மாற்றி உட்கார்ந்தேன். நெல்லியின் மூக்கும் என்னோடு திரும்பியது. யன்னல் பக்கம் போனேன். அங்கேயும் திரும்பியது. அவளுடைய தூக்கிய கால் நடுங்கியது. நான் முகத்தை யன்னலுக்கு வெளியே திருப்பினேன். ரஞ்சினி சிரிப்பை நிறுத்திவிட்டு அடுப்பை அணைத்தாள்.

"என்னப்பா செய்தனீங்கள்?"

சொன்னேன். ஒரு வருடத்தில் முதல்முறையாகச் சொன்னேன். அவள் கையிலிருந்த அகப்பையைக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"போய்ச் சொல்லுங்கோ."

"நீர் என்ன கதைக்கிறீர்? பத்திரம் போகும். நாயும் போகும். அந்த மனிசன்ர முகத்தில பிறகு முழிக்கேலாது."

"அந்த மனிசன் ஒரு வருசமா இடக்கையால சூப் குடிக்குது" என்றாள் ரஞ்சினி.

நெல்லியைக் கூட்டிக்கொண்டு போனேன். வில்ஃப்ரீட்டின் குசினியில் கோராவின் கழுத்துப்பட்டி இன்னும் ஆணியில் தொங்கியது. அவர் மேசையில் இருந்தார், வலக்கை பைக்குள். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் காலநிலை, முதுகுவலி என்று கதை வேறு பக்கம் போய்விடும் என்று பயந்தேன்.

"கோராவைச் சுட்டது நீங்கள் இல்லை. நான்."

அவர் ஆணியில் தொங்கிய கழுத்துப்பட்டியைப் பார்த்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"வானம் தெரிஞ்சுதோ?"

"இல்லை. அவளின்ர நெத்தி தெரிஞ்சுது."

"எனக்கு வானம் தெரிஞ்சது" என்றார் வில்ஃப்ரீட். "எனக்கு வானம் தெரிஞ்சது எண்டு ஞாபகம் இருந்தது. கண் பொய் சொல்லுது எண்டு நினைச்சன். ஒரு வருசமா என்ர கண்ணை நான் நம்பேல்லை."

அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் வலக்கையைப் பைக்குள்ளிருந்து மெல்ல வெளியே எடுத்தார். வெயில் படாத கை, வெளிறிப் போயிருந்தது. யாருடையதோ என்பதுபோல அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கீழே தொங்கவிட்டார். நெல்லி கயிற்றை இழுத்துக்கொண்டு போய் அந்தக் கைக்குக் கீழே தன் தலையை வைத்தாள். அவருடைய விரல்கள் அந்த வெள்ளைக் கீற்றில் மேலும் கீழும் போய் வந்தன. மனிதர் அழுதார். நானும் அழுதேன், ஆனால் எனக்கு அங்கே அழ உரிமை இல்லை.

"நாய் இஞ்ச நிக்கட்டும்" என்றார் என்னைப் பார்க்காமலே. "நீ போ."

கயிற்றை மேசையில் வைத்துவிட்டு வந்தேன். திங்கட்கிழமை துவக்கையும் பத்திரத்தையும் காவல் நிலையத்தில் கொடுத்தேன், வேட்டைத் தலைவருக்குக் கடிதம் எழுதினேன். ஊரில் என் நிறத்தைப் பற்றி யாரும் ஒன்றும் சொன்னதாக எனக்குக் கேட்கவில்லை. 'ஒரு வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்தானே' என்று சொன்னது கேட்டது.

இப்போது தினமும் நாலு மணிக்கு வில்ஃப்ரீட்டும் நெல்லியும் வயல் பக்கம் நடக்கிறார்கள். நான் தெருவில் தூரத்தில் நின்று பார்ப்பேன். கயிறு அவருடைய வலக்கையில் இருக்கும். நெல்லி வேலி இடைவெளியை நிற்காமல் கடந்து போகிறாள். ஒருநாள் அதே இடத்தில் அவசரமில்லாமல் குந்தி மூத்திரம் பெய்துவிட்டு ஓடினாள். அவளுக்கு அங்கே இனி ஒன்றுமில்லை.

அவர்கள் போன பிறகு நான் அந்த வழியால் வீட்டுக்குத் திரும்புவேன். இடைவெளிக்கு முன்னால் வந்ததும் கால் நின்றுவிடும். புல்லுக்குள் ஒன்றும் இல்லை, தெரியும். ரஞ்சினி தொலைபேசி எடுத்து எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்கும் வரைக்கும் அங்கேயே நிற்கிறேன்.