சுவரில் விட்ட இடம்

1

காலை பத்து நாற்பது. எண்ணூரில் என் பஸ் ஒரு கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் நின்றுவிட்டது. ஜன்னலுக்கு நேரே சின்னப் பள்ளிக்கூடம் ஒன்றின் சுவர். அதில் பிள்ளைகள் வரைந்த வீடுகள், வரிசையாக, பத்தொன்பது. நடுவில் ஒரு வீட்டளவுக்கு வெறும் சுவர். லாரி நகர்ந்தது. நான் பார்த்தது இவ்வளவுதான். மீதி நானே கட்டியது.

2

கடற்காற்று வீசும் ஓர் அழகான பள்ளியில்

(வேண்டாம். அந்தக் காற்றில் அனல்மின் நிலையத்துச் சாம்பலும் வருகிறது.)

ஷைனி என்றொரு ஓவிய ஆசிரியை. பகுதிநேர வேலை. வாரம் மூன்று நாள் ராயபுரத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். சுவர் முடிந்ததும் வேறு பள்ளிக்குப் போகவேண்டும்.

பெயின்ட்டைப் பிள்ளைகளே கொண்டுவந்தார்கள். அப்பாவின் படகுக்கு அடித்தது போக டப்பாவின் அடியில் மிஞ்சியது. படகு என்ன நிறமோ அதுதான் சுவரில் அவர்கள் வீட்டின் நிறம். அவர்களில் யாசினின் அப்பாவுக்கு மட்டும் படகில்லை. டிரெய்லர் லாரி ஓட்டுகிறார். அவன் லாரிப் பச்சையோடு வந்தான்.

"இத்த கடல்ல உடுவியா நைனா?" என்றாள் ஐந்தாம் வகுப்புச் செங்கொடி.

"உங்க போட்டு மாரி கவுறாது," என்றான் யாசின்.

ஈரப் பெயின்ட்டில் சாம்பல் ஒட்டும். அதனால் ஒரு வீடு முடிந்ததும், காயும்வரை, இரண்டு பேர் அதன் முன்னால் பழைய புடவை ஒன்றை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். முறை வைத்து.*

* வீட்டில் பிடித்துப் பார்த்தேன். கால் மணி நேரத்தில் தோள் விட்டுப்போகிறது.

3

ஷைனியை எப்படிக் காட்டுவது என்பதில் எனக்குச் சந்தேகம். முதலில் அவளை ஜன்னலோரம் அழவைத்தேன். அந்த வரியை அடித்துவிட்டேன். இப்படி மாற்றினேன்: வாடகை அறைக்கு வீட்டுக்காரர் இரண்டு சாவி கொடுத்தார். இரண்டும் ஒரே வளையத்தில் அவள் பையிலேயே இருக்கின்றன.

பத்தொன்பதாவது வீடும் முடிந்த அன்று அவள் சுவரை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தாள். வாசல்தோறும் பிள்ளைகள், அம்மாக்கள், ஒரு நாய். ஒரு மாடியில் ஹெட்மாஸ்டர்கூட நின்றார். அவள் மட்டும் இல்லை. என்னையும் வரையுங்கள் என்று கேட்டு வாங்குவதா? கேட்கவில்லை. நடுவிலிருந்த வெறும் இடம் பிள்ளைகள் அளவு தப்பியதால் வந்தது என்று நினைத்தாள். மரம் ஒன்று வரைந்து மூடிவிடலாமென்று பிரஷை எடுத்தாள்.

செங்கொடி குறுக்கே வந்து நின்றாள்.

"மரம் வேணாம் மிஸ். அது உங்க வூடு. வுட்டு வெச்சிகீறோம்."

"எனக்கா?"

"பின்ன, பஸ்லயேவா குடியிருக்கீங்க?"

4

வீடென்றால் நிறம் வேண்டும். ஷைனிக்குப் படகுமில்லை, லாரியுமில்லை.

முடிவு ஒன்று: நீலம் என்று பொய் சொல்கிறாள். பிள்ளைகள் நம்பிவிடுவார்கள். அதனாலேயே வேண்டாம்.

முடிவு இரண்டு: எல்லா டப்பாவிலிருந்தும் கொஞ்சம் ஊற்றி அவளுக்கென்று ஒரு நிறம் கலக்கிறார்கள். கேட்க நன்றாயிருக்கிறது. கலந்து பார்த்தேன். சேற்று நிறம் வந்தது.

முடிவு மூன்று: அவள் அந்த இரண்டாவது சாவியை

இல்லை. நான் பார்த்தபோது அந்த இடம் வெறுமையாகத்தான் இருந்தது. அதைப் பூச எனக்கு மனம் வரவில்லை. உங்களிடம் நிறம் இருந்தால் பூசுங்கள். யாசினும் செங்கொடியும் வெறும் சுவருக்கு முன்னால் இப்போதே புடவையை விரித்துப் பிடித்துவிட்டார்கள். ஷைனி கையில் பிரஷ் காய்கிறது.

"சீக்கிரம் சொல்லுங்க மிஸ், கை நோவுது," என்கிறான் யாசின். "உங்க வூடு இன்னா கலரு?"