ஒரு கரண்டி அனுபவம்

கோயம்புத்தூரில் இன்டர்ன்ஷிப் வேண்டுமென்றால் அனுபவம் வேண்டும். அனுபவம் வேண்டுமென்றால் உறை ஊற்ற வேண்டும். ஜெராக்ஸ் கடையிலிருந்து ரெஸ்யூமைச் சூடு ஆறுவதற்குள் கொண்டுவந்து, அகலப் பாத்திரத்தில் விரித்து, ஏற்கெனவே தோய்ந்த அனுபவம் ஒரு கரண்டி விட்டு மூடிவைத்தால் காலையில் கெட்டியாக நிற்கும். ஒரு கரண்டிக்கு ஆறு மாதம். பாத்திரத்தை ஆட்டக் கூடாது. இதெல்லாம் எல்லா வீட்டிலும் தெரிந்ததுதான். யார் வீட்டில் உறை கொடுப்பார்கள் என்பதுதான் தெரியாது.

சௌந்திராவின் மகள் சுகிர்தா மெக்கானிக்கல் மூன்றாம் வருஷம். திங்கட்கிழமை ஒரு கம்பெனியில் சேராவிட்டால் ஒரு வருஷம் போச்சு. ஜூனியர் பிள்ளைகளோடு உட்கார்ந்து அதே பாடத்தை மறுபடி படிக்க வேண்டும். நாற்பத்தோரு கம்பெனிகள் ஒரே பதிலை அனுப்பியிருந்தன: அனுபவத்தோடு வரவும். அந்த ஒரு வரி இங்கிலீஷிலும் இரண்டு ஸ்பெல்லிங் தப்பு. சௌந்திரா நாற்பத்தொன்றையும் சிவப்புப் பேனாவால் திருத்தித் திருப்பி அனுப்பிவிட்டு, தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம்.

மாடி வீட்டு அம்சவேணியின் பையன் வால்வு கம்பெனியில் நாலு வருஷமாக இருக்கிறான். வீடே புளிப்பாக மணக்கும்.

"அம்சாக்கா, சுகிர்தாவுக்கு ஒரு கரண்டி உறை வேணும்."

அம்சவேணி சாமி படத்துக்கு முன்னால் எரியும் விளக்கைக் காட்டினாள். "வெளக்கு வெச்சதுக்கப்புறம் உறை குடுக்கறதில்லீங்க. அதுவும் வெள்ளிக்கெழமை."

"காலைல வரட்டுங்களா?"

"காலைல நாங்க பழனிக்குப் போறமுங்க."

"உறையும் கூட வருதுங்களா?"

"தனியா விட்டாக் கெட்டுப்போயிருமுங்க," என்று அம்சவேணி கதவைச் சாத்திக்கொண்டாள்.

சனிக்கிழமை எதிர்வீட்டில் கொடுத்தார்கள். தண்ணீராக இருந்தது. கல்லூரி விழாவில் நாற்காலி போட்ட அனுபவம். சௌந்திரா அதை வாசலில் இருந்த கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினாள். ஞாயிறு காலை செடியைச் சுற்றி இரண்டு நாற்காலிகள் ஒழுங்காகப் போடப்பட்டிருந்தன.

கீழ்வீட்டு மயில்சாமி பம்ப் கம்பெனியில் முப்பத்து நாலு வருஷம் ஃபோர்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர். அவர் சம்சாரம் பொள்ளாச்சியில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள்.

"எவ்வளவு வேணும் அம்மிணி?"

"ஒரு கரண்டி போதுங்க."

"கரண்டிய எங்க வெச்சிருக்கறாளோ தெரியல. போசியக் காட்டுங்க."

முப்பத்து நாலு வருஷத்தையும் சரித்துவிட்டு, பானையைக் கழுவிக் கவிழ்த்தும் வைத்தார். வீட்டுக்கென்று ஒரு கரண்டி நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது சம்சாரத்துக்குத் தெரியும். இவருக்கு எப்படித் தெரியும்? சௌந்திரா பார்த்துக்கொண்டுதான் நின்றாள். சொல்லியிருக்கலாம். மறுநாள் திங்கட்கிழமை.

வீட்டில் சுகிர்தாவின் ரெஸ்யூமை விரித்து ஒரு கரண்டி விட்டாள். மூடினாள். திறந்து பார்த்தாள். எத்தனை நேரம்தான் காத்திருப்பது? போசியோடு கவிழ்த்தாள்.

காலையில் கத்தியால் வெட்டலாம் போலத் தோய்ந்திருந்தது. சுகிர்தா இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

"காப்பிக்குச் சக்கரை வேண்டாம்மா. எனக்கு ஆகறதில்ல."

நாற்பத்திரண்டாவது கம்பெனியில் ஒன்பது மணிக்கு அவளை இன்டர்னாகச் சேர்த்துக்கொண்டார்கள். பதினொரு மணிக்கு, பேரிங் சத்தத்தைக் காதால் கேட்டே கோளாறு எதுவென்று சொல்லி, பக்கத்தில் நின்ற இன்ஜினியரை நாலு வார்த்தை திட்டினாள். நாலரைக்கு அவளுக்கு ஓய்வு வயது வந்துவிட்டது. பொன்னாடை போர்த்தி, சுவர்க் கடிகாரம் கொடுத்து, வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, வேனில் வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டார்கள்.

சர்டிஃபிகேட்டைக் கல்லூரியில் துறைத் தலைவர் இரண்டு முறை படித்தார். கேட்டது நாற்பத்தைந்து நாள். இருந்தது முப்பத்து நாலு வருஷம்.

"மிச்சத்த அடுத்த செமஸ்டர்ல கழிக்க முடியாதும்மா," என்று கையெழுத்துப் போட்டார். வருஷம் தப்பியது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மயில்சாமி தூக்குப்போசியோடு சௌந்திரா வீட்டு வாசலில் நின்றார்.

"ஒரு கரண்டி உறை கெடைக்குங்களா அம்மிணி? வீட்டு மோட்டார் ஓடமாட்டீங்குது. எந்தப் பக்கம் தெறக்கறதுன்னே எனக்குப் புடிபடல. எங்கியாச்சும் இன்டர்ன்ஷிப் போயிக் கத்துக்கலாம்னா, போற எடத்துலெல்லாம் அனுபவம் கேக்கறாங்க."

சமையலறையில் ரெஸ்யூம் எடுத்தது போக மிச்சம் பாத்திரம் நிறைய இருந்தது. கூடத்தில் சுகிர்தா பொன்னாடையோடு சாய்ந்து, புதுக் கடிகாரத்துக்குக் கீழே காலை நீட்டியிருந்தாள்.

"யாரும்மா?"

"யாருமில்ல. நீ படு."

சௌந்திரா சாமி படத்தைத் திரும்பிப் பார்த்தாள். "ஒரு நிமிஷம் இருங்க," என்று உள்ளே போய், திரியைத் தூண்டி, தீக்குச்சியைக் கிழித்துப் பற்றவைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள்.

"வெளக்கு வெச்சாச்சுங்களே."

"அதுஞ்செரிதானுங்க," என்றார் மயில்சாமி. "விடியட்டும்."

கறிவேப்பிலைச் செடி ஒரு நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டது. அவர் போசியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.