எதிர்ப்பக்க நிறுத்தம்

தன் தங்கையின் போர்வையை மடிக்கப் போனபோதுதான் டியூஷன் டீச்சர் அதைப் பார்த்தாள். தலையணைக்குப் பக்கத்தில் தேர்வு நுழைவுச் சீட்டு. அதன் மேலேயே, சார்ஜரில் மாட்டியபடி, தங்கையின் செல்போன்.

தங்கை பஸ் ஏறி இருபது நிமிடம் ஆகியிருந்தது. ஐம்பது கிலோமீட்டர் தள்ளித் தேர்வு. ஒன்பதரைக்கு வாசலைப் பூட்டிவிடுவார்கள். வயது வரம்புப்படி இதுதான் அவளுக்குக் கடைசி வாய்ப்பு.

"என்னங்க!"

லேத் பட்டறைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கணவர் பாதிச் சவரத்தோடு ஓடி வந்தார். விஷயத்தைக் கேட்டதும் பைக் சாவியைத் தேடினார்.

"எண்பதுல விரட்டுனா பஸ்ஸைப் பிடிச்சிடலாம்."

"இருங்க, விரட்டவெல்லாம் வேண்டாம்."

வேகம், தூரம், நேரம் என்று தினமும் பிள்ளைகளின் உயிரை வாங்குகிறவள். காலண்டர் தாளைக் கிழித்துக் கணக்குப் போட்டாள். பஸ் மணிக்கு நாற்பத்தைந்து. இதற்குள் பதினைந்து கிலோமீட்டர் போயிருக்கும். பைக் அறுபதில் போனால், மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர்தான் இடைவெளி குறையும். எட்டிப் பிடிக்க ஒரு மணி நேரம், அதாவது அறுபது கிலோமீட்டர். தேர்வு ஊரோ ஐம்பதிலேயே வந்துவிடும்.

"அப்ப பிடிக்கவே முடியாதா?"

"பிடிச்சு என்ன செய்யப் போறீங்க? அவ போய் இறங்கின மூணாவது நிமிஷம் நீங்களும் அங்க இருப்பீங்க. அவசரப்படாம தேர்வு வாசலுக்குப் போங்க."

அவர் முகத்தைத் துடைத்து, சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். அவர் தெருமுனையில் திரும்பும்போதுதான் அவளுக்கு வேறொன்று உறைத்தது. செருப்பில்லாமல் ஓடினாள்.

"நில்லுங்க! தங்கச்சி பையைத் துழாவாம உக்காந்திருக்க மாட்டா. சீட்டு இல்லன்னு தெரிஞ்ச அடுத்த நொடி இறங்கி, வீட்டுக்குத் திரும்பற பஸ்ஸுக்கு நிப்பா."

"அப்ப உன் கணக்கு தப்பா?"

"கணக்கு சரிதான். அவளைச் சேர்க்காம போட்டுட்டேன். எதிர்ப்பக்க ஸ்டாப் ஒண்ணு விடாம பார்த்துக்கிட்டே போங்க."

வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தாள், எழுந்தாள், கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவினாள். அரை மணி நேரத்துக்குள் கணவர் போன் செய்தார்.

"கிடைச்சிட்டா. இருபதாவது கிலோமீட்டர்ல, எதிர்ப்பக்கம், பையைக் கட்டிப்பிடிச்சு அழுதுக்கிட்டு நிக்கிறா. ஊருக்குத் திரும்பற பஸ் ஒண்ணு வந்துச்சாம். கை காட்டியும் கூட்டம்னு நிக்காம போயிட்டான்."

"அந்தப் புண்ணியவான் நல்லா இருக்கணும். சீக்கிரம் போங்க!"

காவலாளி கதவில் கை வைத்தபோது தங்கை உள்ளே நுழைந்தாள். பாதிச் சவர முகத்தோடு கணவர் மதியம் வரை வெளியே காத்திருந்தார். போவோர் வருவோரெல்லாம் ஒரு மாதிரி பார்த்ததாகச் சொன்னார்.

சாயங்காலம் தட்டில் கை வைத்தபடி தங்கை மெதுவாக ஆரம்பித்தாள்.

"ரயில் பாலத்தைத் தாண்டற கணக்கு ஒண்ணு வந்துச்சுக்கா. ரயிலோட நீளத்தைக் கூட்டாம விட்டுட்டேன்."

டீச்சர் தலையில் அடித்துக்கொண்டாள். "எத்தனை தடவைடி சொன்னேன்!"

"விடும்மா, சாப்பிடட்டும்" என்றார் கணவர்.

இரண்டு மாதம் கழித்து முடிவு வந்தது. அந்த ஒரு கணக்கு போனாலும் தங்கை தேறியிருந்தாள்.